கஞ்சி வெந்து முடியட்டும்

ஹாரன் மட்டும் அடிச்சுப்போடாதீங்க தம்பி. உள்ள கிளாஸ் இன்னும் முடியலீங்க. வண்டிய அந்த மரத்தடியில போட்டுப்போட்டு வாங்க, இப்படிப் படியில உக்காருங்க.

இல்லீங்க, உள்ள போக வேண்டாமுங்க. அடுப்புல கஞ்சி இருக்குது. அது வெந்து முடியற வரைக்கும் யாரையும் உள்ள உடப்போறதில்லீங்க. கம்பெனிக்கார ஐயா சாப்பாட்டுக்குத் தேடுனா இன்னிக்கு ஒரு நாளு வெளிய தின்னுக்கட்டும்.

இவங்களக் கூட்டிட்டுப் போக முன்ன நரசிம்மலுதான் வண்டி எடுத்துட்டு வருவாப்ல. நீங்க புதுசுங்களாக்கு. ஆஸிமுங்களா? போத்தனூரு. செரி செரி.

இங்கிலீஷ் கிளாஸுன்னாங்க, அரிசி வேகற வாசம் வருதேன்னு பாக்கறீங்க. எங்கூட்டுக்காரி அன்புக்கரசி கவர்மென்ட் ஸ்கூல்ல இங்கிலீஷ் டீச்சருங்க. ரிட்டயர் ஆனதுக்கப்பறம் இந்த ஜப்பான்காரப் பொம்பளைங்களச் சேத்துக்கிட்டா. ஊட்டுக்காரரு கம்பெனிக்குப் போயிருவாரு, இவங்க பிளாட்டுல செவுத்தப் பாத்து உக்காந்திருக்கோணும். காய்க்காரன்கிட்டப் பேசக்கூட வாய் வராது. புஸ்தகத்த வெச்சு நடத்துனா தலைய தலைய ஆட்டுவாங்களே தவிர ஒரு வார்த்த வெளிய வராது. தப்பாப் போயிருமோன்னு பயமுங்க.

இவ புஸ்தகத்த மூடிப்போட்டு எல்லாத்தையும் சமையக்கட்டுக்குக் கூட்டிட்டுப் போயிட்டா. அவங்க இங்கிலீஷ்ல சொல்லோணும், இவ செய்வா. சொன்னத மட்டுந்தான் செய்வா. உப்புப் போடுன்னு சொல்லிப்போட்டு எத்தனைன்னு சொல்லாம உட்டா, பாக்கெட்டோட கவுத்தப் போவா. ஸ்டாப் ஸ்டாப்புன்னு கத்துவாங்க பாருங்க. வாய் தொறந்துருச்சல்லங்க, அப்பறம் எங்க மூடறது.

கடசீல ருசி சொல்லோணும். நல்லாருக்குதுன்னு சொன்னா ஒத்துக்கமாட்டா. புளிக்குதா, காரம் தூக்கலா, அடி புடிச்சிருக்குதா, எதாச்சும் ஒண்ணச் சொல்லியே ஆகோணும். நான் கல்யாணம் ஆன நாள்லருந்து நல்லாருக்குதுன்னு மட்டுந்தான் சொல்லிட்டிருக்கேன். எனக்கு மார்க்கே போட்டதில்லீங்க.

இருங்க, போன் அடிக்குது. அவிநாசியிலருந்து எங்க மச்சான், அவளுக்கு அண்ணன், திருமலைசாமி. தெனமும் இந்நேரத்துக்குத் தங்கச்சி என்ன சாப்பிட்டான்னு கேப்பாரு. அடிக்கட்டும். கஞ்சி ஆனதும் பேசிக்கறேன்.

என்னத்தச் சொல்லிட்டிருந்தேன்? ஆமாங்க, சமையக்கட்டு. எங்காளுங்க கொடுமுடிப் பக்கம் பண்ணையத்துக்குப் போனவங்க. இவளோட அம்மாவ வேல செஞ்ச ஊட்டுல சமையக்கட்டுப் படியத் தாண்ட உட்டதில்ல. இவ படிச்சு டீச்சராயிட்டா. ஆனாலும் பாருங்க, ஸ்கூல்ல இவ டிபன் பாக்ஸ நீட்டுனா கூட வேல செய்யறவங்க வயிறு செரியில்லீம்பாங்க. வருசக்கணக்கா அவங்களுக்கு வயிறு செரியில்லீங்க. இந்தப் பொம்பளைங்க மொத நாளே அரிசியும்பருப்பும் சோத்தச் சட்டியோட வழிச்சுத் தின்னாங்க. அன்னிக்கு ஏனத்தக் கழுவ என்னைய உடவேயில்ல. அவளாவே சிரிச்சுக்கிட்டு கழுவுனா.

நோவுல படுத்ததுக்கப்பறமும் நிறுத்தலீங்க. அந்த முன்னறையில கட்டலப் போட்டு, கதவத் தொறந்து வெச்சு, அங்கிருந்தே அதட்டுவா. போன வாரம் தண்ணிகூட எறங்கல. அதப் பாத்துப்போட்டு, அந்தக் கியோகோ இருக்குதுங்கல்ல, அதுல மூத்தது, எங்கூர்ல நோவுக்காரங்களுக்கு ஒரு கஞ்சி வெப்போம், அடுத்த கிளாஸுல நாங்க சொல்லித் தாறோம், நீங்க படுத்துட்டே கேளுங்கன்னுச்சாம். இன்னிக்கு அவங்கதான் டீச்சரு, இவ படிக்கற புள்ள.

எப்பவும் கிளாஸுச் சத்தம் இந்தத் தெருவுக்கே கேக்கும். இன்னிக்குப் பாருங்க, கரண்டி சட்டியில படாமக் கிண்டறாங்க. அவங்க வந்ததும் அந்தக் கதவச் சாத்தி, எனக்குத் தெரிஞ்ச இங்கிலீஷுல ஸ்லீப்பிங்னு சொல்லிப்போட்டேன். அப்பலருந்து இங்கிலீஷே குசுகுசுன்னுதான்.

நீங்க அவங்களோட இங்கிலீஷ்லதான பேசறீங்க? அப்ப ஒரு ஒத்தாச பண்ணோணும். கஞ்சிய ஆத்திக்கிட்டு அந்தக் கதவுகிட்ட வருவாங்க, அவகிட்ட ருசி கேக்கறதுக்கு. நீங்க முன்னால நின்னு சொல்லீறோணும். அடுப்பு, கத்தி, உப்பு, புளின்னு எல்லாத்துக்கும் சொல்லிக்குடுத்தா. இத எப்படிச் சொல்றதுன்னு அவங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

வெடியால நான் காப்பி போட்டு எடுத்துட்டு வந்து பாத்தப்பவே அவ போயிட்டா தம்பி.

உக்காருங்க, உக்காருங்க. இன்னும் யாருக்கும் சொல்லலீங்க. சொன்னா மச்சான் வந்துருவாரு, அக்கம்பக்கத்துல வந்துருவாங்க, மொதோ வேலையா அடுப்ப அணைச்சுப்போடுவாங்க. எழவூட்டுல அடுப்பு எரியக்கூடாதுன்னு எனக்குத் தெரியாதுங்களா? தெரிஞ்சுதான் நானே அடுப்பப் பத்த வெச்சுக் குடுத்தேன். அவளுக்குன்னு வெளியாளுங்க வந்து ஒலை வெச்சது இன்னிக்குத்தானுங்க.

அடுப்ப அணைச்சுட்டாங்களாட்ட இருக்குது. எந்திரிங்க, செருப்ப இங்கயே உட்டுருங்க. நீங்க கதவ மறச்சு நில்லுங்க. மொதல்ல நான் வாங்கி ஒரு வாய் குடிச்சுக்கறேன். அப்பறம் சொல்லுங்க.

உப்பு கம்மியா இருந்தா அத இங்கிலீஷ்ல எப்படிங்க தம்பி சொல்றது? நல்லாருக்குதுன்னா ஒத்துக்கமாட்டாங்க.