காலடியில் நின்ற காடைகள்

காக்ஸ் டவுன் பேருந்தில், முன் இருக்கையில் இருந்தவர் களைப்போடு சொன்னார்:

"காடைங்களைப் பறக்க வைக்கறதுதான் மச்சான் என் வேலை. அதுவும் இன்னிக்குப் போச்சு."

பக்கத்தில் இருந்தவர் சிரித்தார். "காடைக்கு வாத்தியாரா நீ?"

"ஓனர் தோட்டத்துல முன்னெல்லாம் கௌதாரி சுடுவாங்க. இப்போ ஒண்ணுகூட இல்ல. பண்ணைக் காடைய வாங்கி விட்டுட்டு, கெஸ்ட்டுங்களைத் துப்பாக்கியோட கூட்டிட்டு வர்றாரு."

"அப்புறம் என்ன, சுட வேண்டியதுதானே?"

"பறந்தாதானே சுடுவாங்க? தினமும் தீனி போடறவன் நான். எல்லாம் என் காலைச் சுத்தி வந்து நின்னுக்குது. 'தள்ளிப் போடா'ன்னு ஓனர் கத்தறாரு."

"போனியா?"

"ரெண்டு தடவை போனேன். பின்னாலயே நடந்து வந்துச்சுங்க. மூணாவது தடவை நான் நகரல மச்சான்."