மீன் பெட்டி வீடு

சுவிஸின் பேர்ண் நகர ட்ராமில் எனக்கு முன்னால் இரண்டு பேர். மூத்தவரில் ஹோட்டல் குசினி மணம், இளையவரின் சப்பாத்தில் சீமெந்து.

"மீன் பெட்டிக்குள்ள ஆரும் குடியிருப்பினமோ?" என்றார் மூத்தவர்.

"மீன் பெட்டி இல்லை அண்ணை. ரெண்டு பலகைக்கு நடுவில ரெஜிபோம், அந்த வெள்ளை நுரை அட்டை, வைச்சு ஒட்டின வீட்டுச் சுவர். அதைத் தூக்கி நிறுத்திறதுதான் என்ர வேலை."

"உந்த ரெஜிபோம் பெட்டியிலதான் எங்கட ஹோட்டல் குசினிக்கு மீன் வருது. வீடெண்டால் மரச்சட்டம் அடிச்சுக் கட்டவேணும், எங்கட அகதிக் காம்ப் மாதிரி."

"காம்பில ராத்திரி ஜக்கெற்றோட படுத்தது ஆர்?"

"அது பனிக்காலமடா."

"மீனுக்குப் போட்ட ஐஸ் உந்தப் பெட்டிக்குள்ள அடுத்தநாளும் கரையாதெண்டு நீங்கள்தானே சொன்னனீங்கள்?"

"ஓம். ஆனா உள்ளுக்க கிடக்கிறது செத்த மீன்!"

"செத்த மீனுக்குக் கிடைச்ச சுவர் எங்களுக்குக் கிடைக்கேல்லை எண்டுதான் நானும் சொல்லுறன்."

காம்படியில் ட்ராம் நின்று கதவு திறந்தது. அண்ணை ஜக்கெற்றின் சிப்பைக் கழுத்துமட்டும் இழுத்துக்கொண்டு இறங்கினார்.