நடுத்தெருவில் ஒரு சண்டை

— இல்ல அண்ணி, இந்தத் திட்டுல உறைப்பே இல்ல. இன்னும் கொஞ்சம் ஏத்திச் சொல்லுங்க.

— காலையிலேருந்து திட்டித் திட்டித் தொண்டை வத்திப்போச்சு. ரொட்டி வேற அடுப்புல கிடக்கு. முதல்ல நீ என்னை அண்ணின்னு கூப்பிடறதை நிறுத்து. பரம விரோதியை எவளாவது அண்ணிம்பாளா?

— நீங்களும் கண்ணு, கண்ணுன்னு கொஞ்சாதீங்க.

— எனக்கு இந்த நாடகமே பிடிக்கல கண்ணு. உள்ளதைச் சொல்லிக் கேட்டா குடுக்க மாட்டாங்களா?

— போன வருஷம் உள்ளதைத்தானே சொன்னோம்? ரெண்டு பக்கமும் தாயா பிள்ளையா இருக்கோம், ஒரு சாக்கடை வெட்டிக் குடுங்கன்னோம். ஒத்துமையா இருக்கிற தெருவுக்கு ஒத்துழைப்புத் திட்டம் எதுக்குன்னு தள்ளிட்டாங்க.

— ஊரு ரெண்டுபட்டாத்தான் சாக்கடையே வரும்போல. எல்லைக்கோட்டை நடுத்தெருவுலயா போடணும்? எங்க நகராட்சி தோண்டினா உங்க மண்ணு, உங்க நகராட்சி தோண்டினா எங்க மண்ணு.

— மழைத்தண்ணி மட்டும் ரெண்டு பக்கத்துலேருந்தும் ஒத்துமையா என் தையக்கடைக்குள்ள வருது. போன மழையில ரெண்டு மிஷின் போச்சு. இருக்கிறது ஒண்ணுதான் அண்ணி. அதுவும் போனா கடையை மூட வேண்டியதுதான். எனக்கு பயமா இருக்கு.

— மூடவிட்டுருவேனா? உனக்காக நான் வாய் கிழியக் கத்தறேன், பாரு. அதோ வர்றாரு அதிகாரி. ஏய் தையக்காரி, உன் வெட்டுத்துணியை எல்லாம் என் எல்லைக்குள்ள கூட்டித் தள்ளறியே, உன் கை விளங்குமா?

— உன் அடுப்புப் புகையில நான் தைச்சு மாட்டின வெள்ளைச் சட்டையெல்லாம் கறுத்துப்போகுது. அதுக்கு என்ன சொல்றே?

— வணக்கம்மா. எல்லை ஒத்துழைப்புத் திட்டத்துலேருந்து வர்றேன். இந்தப் பகை எவ்வளவு காலமா இருக்கு?

— தலைமுறை தலைமுறையா சார். இவ மூஞ்சியில முழிச்சா அன்னிக்கு என் ரொட்டி மாவு உப்பாது.

— முழிக்காம என்ன? விடிஞ்சா என் வீட்டுக் காப்பிக்கு வந்து நிக்கிறது யாரு?

— டாக்டர் வேண்டாம்னு சொன்ன இனிப்பை என் கடைக் கதவுக்குப் பின்னாடி நின்னு முழுங்கறது யாரு? உன் புருஷன்கிட்ட சொல்லவா?

— சொல்லு. உன் சட்டை இடுப்பை மூணு தடவை பிரிச்சு விட்டதை நான் எங்க அண்ணன்கிட்ட சொல்றேன்.

— அது நமக்குள்ள இருக்கட்டும்னு சொல்லியிருந்தேனே கண்ணு.

— நீங்க மட்டும் இனிப்பை இழுக்கலாமா அண்ணி?

— போதும்மா, போதும். நான் எத்தனையோ தெரு பாத்துட்டேன். நிஜ விரோதிங்க ஒருத்தர் மூஞ்சியை ஒருத்தர் பாக்கவே மாட்டாங்க. இடுப்பளவு வரைக்கும் தெரிஞ்சு வெச்சுத் திட்டறவங்களை இன்னிக்குத்தான் பாக்கறேன்.

— இனிமே மறைச்சு என்ன சார். இவ என் நாத்தனார். என் வீட்டுக்காரரோட கூடப் பிறந்தவ. எனக்கு உசிரு. பொய் சொன்னதுக்கு என்ன பண்ணணுமோ என்னைப் பண்ணுங்க, சாக்கடையை மட்டும் வெட்டிக் குடுங்க.

— யோசனை என்னுது சார். அண்ணிக்குப் பொய்யே வராது, நீங்களே பாத்தீங்க.

— ரெண்டு பேருக்குமே வரல. சரி, இந்தத் தெருவுல தீராப் பகைன்னு எழுதிட்டேன். மழைக்கு முன்னாடி ஆள் வந்து தோண்டும்.

— எல்லாம் தெரிஞ்சுமா சார் எழுதறீங்க? உங்களுக்கு ஏதாவது வம்பு வந்துடப் போகுது.

— அதை நான் பாத்துக்கறேன்மா.

— நீங்க இவ பக்கத்து அதிகாரிதானே சார்? எங்க பக்கத்து அதிகாரியும் கையெழுத்துப் போடணுமே. உங்களுக்கும் அவருக்கும் ஆகவே ஆகாது, மீட்டிங்குக்கு மீட்டிங்கு அடிச்சுக்கறீங்கன்னு ஊரே பேசுது. அவரு ஒத்துக்குவாரா?

— அவரு இல்லம்மா, அவ. என் சம்சாரம். நாங்க மீட்டிங்குல அடிச்சுக்கிறதைப் பாத்துத்தான் மேலிடம் இந்த ஒத்துழைப்புத் திட்டத்தை இன்னும் மூடாம வெச்சிருக்கு.