வாரத்துக்கு ஓர் எழுத்து

ஆங்கிலப் பாட்டின் பெயர் 'தி' என்று தொடங்கினால் அந்தச் சொல்லைக் கணக்கில் எடுக்கக் கூடாது. அடுத்த சொல்லின் முதல் எழுத்தைப் பார்த்துத்தான் அட்டையைப் பெட்டியில் போட வேண்டும். இல்லாவிட்டால் பாதி உலகம் டி பெட்டியில் வந்து குவிந்துவிடும். வானொலி நிலையத்தின் மேற்கத்திய இசைத்தட்டு அறையில் முப்பத்தோரு வருஷம் நான் செய்த வேலை இவ்வளவுதான். "இதுக்கா சம்பளம் தர்றாங்க?" என்று உன் அம்மா சிரிப்பாள். உட்கார், சொல்கிறேன். அவ்வளவு தூரம் விமானத்தில் வந்திருக்கிறாய், பாதியில் எழுந்து போகாதே.

அக்காவைக் குறை சொல்ல நான் வரவில்லை. ஓய்வு பெற்றுப் போக்கிடம் இல்லாமல் நின்ற தம்பிக்குப் பின்னறையைக் கொடுத்தவள் அவள். அதைத் தினமும் சொல்லியும் காட்டினாள். "கல்யாணமும் இல்ல, காசும் இல்ல, எனக்குன்னு வந்து வாய்ச்சியே" என்பாள். பதினெட்டு வருஷம் ஹோட்டல் வாத்தியக்குழுவில் பாடியவள், திட்டினாலும் சுருதி விலகாது. நான் சிரித்துக்கொண்டே சாப்பிட்டுவிட்டு எழுந்து போவேன். உள்ளுக்குள் வலிக்கத்தான் செய்தது.

போன வருஷம் குளியலறையில் விழுந்தாள். வலது கை இழுத்துக்கொண்டது, பேச்சும் போய்விட்டது. நீ வந்து இரண்டு வாரம் இருந்துவிட்டு அழுதுகொண்டே திரும்பினாய். அதன் பிறகு பேச்சுப் பயிற்சி கொடுக்க வந்த டீச்சர்தான் ஒன்றைக் கண்டுபிடித்தார். தன் பெயரைச் சொல்ல வராத அக்காவுக்குப் பழைய ஆங்கிலப் பாட்டின் வரி முழுசாக வந்தது.

"பாட்டெல்லாம் உள்ளே பத்திரமா இருக்கு சார். அதைப் பிடிச்சே பேச்சை வெளியே இழுத்துடலாம். வாரத்துக்கு ஒரு எழுத்து எடுங்க. அந்த எழுத்துல ஆரம்பிக்கிற பாட்டா போடுங்க. கேட்டதும் அவங்க பாட்டோட பேரைச் சொல்லணும்" என்றார்.

எனக்குப் பழம் நழுவிப் பாலில் விழுந்த மாதிரி இருந்தது. கணினி வந்ததும் நிலையம் கழித்துக் கட்டிய தட்டுகளும் அட்டைகளும் என் அறையில் கூரை வரை அடுக்கியிருந்தன. ஒரே எழுத்தில் இத்தனை பாட்டு இருப்பதை நானே அப்போதுதான் கண்டேன். கே பெட்டியைத் திறந்தால் முத்தமும் ராஜாக்களும்தான். ஐ பெட்டி எல்லாவற்றிலும் கனம், வெள்ளைக்காரனுக்கு 'நான்' என்று தொடங்காமல் காதலிக்கத் தெரியாது. இதைச் சொன்னபோது அக்கா பாதி வாயால் சிரித்தாள். காலையில் தலை வாரிவிடுவேன், சோறு ஊட்டுவேன், பாட்டுப் போடுவேன். அந்த மூன்று மாசம் போல நான் என்றுமே சந்தோஷமாக இருந்ததில்லை. என்னைத் திட்ட அவளிடம் வார்த்தை இல்லை.

எம் எழுத்து வாரத்தில் அவள் முதல் முறையாக முழுசாகப் பேசினாள். என்னைப் பார்த்து, நிறுத்தி நிறுத்திச் சொன்னாள். "வீட்ட... வித்துடு. மக கிட்ட போறேன்."

அன்றைக்கே உனக்குப் போன் செய்தேன். நீ உடனே விசாவுக்கு மனுப் போட்டாய். நேர்காணலில் தன் பெயர், வயது, யாரிடம் போகிறாள் என்பதை அம்மாவே வாய்திறந்து சொல்ல வேண்டும் என்றாய். "அதுக்குள்ள தேத்திடுவீங்கல்ல மாமா?" என்று கேட்டாய். "தேத்திடலாம் கண்ணு" என்றேன். வீடு விற்ற பிறகு மாமா எங்கே போவார் என்று நீயும் கேட்கவில்லை, அவளும் கேட்கவில்லை. மறந்திருப்பீர்கள். நான் பின்னறையில் நாலு சுவரையும் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

ஓ எழுத்திலிருந்து அட்டைகளை மாற்ற ஆரம்பித்தேன்.

ஒரேயடியாக அல்ல. வரிகளில் எங்குமே தலைப்பு வராத பாட்டுகள் சில உண்டு, அவை எனக்கு அத்துப்படி. முதலில் அவற்றுக்கு மட்டும் வேறு பெயர் எழுதி வைத்தேன். அவள் சரியான பெயரைச் சொல்வாள். நான் அட்டையை நீட்டி, "இல்லக்கா, இங்க பாரு" என்பேன். அவள் தலையை ஆட்டி மறுப்பாள். நான் குரலை உயர்த்தியதில்லை. இரண்டு வாரத்தில் மறுப்பதை நிறுத்திவிட்டாள். அதன் பிறகு எந்தப் பாட்டுக்கு எந்தப் பெயர் எழுதிக் காட்டினாலும் சரி என்றாள். தானே மேடையில் பாடிய பாட்டைக் கேட்டுவிட்டு என் முகத்தைப் பார்ப்பாள். பாட்டோடும் நிற்கவில்லை. டம்ளரைக் காட்டி "தண்ணி" என்று சரியாகத்தான் சொல்வாள். "இல்லக்கா, யோசிச்சுச் சொல்லு" என்பேன். தண்ணீரைக் கொடுக்காமல் இருந்ததில்லை, சொல்லைத்தான் கொடுக்கவில்லை.

டீச்சர் வந்து பார்த்துவிட்டு வருத்தப்பட்டார். சிலருக்கு இப்படித் திரும்பிப் போவது உண்டு என்று அவரே எனக்கு ஆறுதல் சொன்னார். இனி வர வேண்டாம் என்றேன்.

நேர்காணலில் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்த அதிகாரி நல்ல பெண். "உங்க பேர் என்னம்மா?" என்று மூன்று முறை கேட்டார். அக்காவுக்குத் தெரியும். உதடு வரை வந்ததை நான் பார்த்தேன். ஆனால் அவள் திரும்பி என் கையைப் பார்த்தாள், அட்டை இருக்கிறதா என்று. கை காலியாக இருந்தது. அவள் வாயை மூடிக்கொண்டாள்.

நேற்று நீ இசைத்தட்டில் அச்சாகியிருந்த பெயரையும் என் அட்டையையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தாய். அக்கா பெற்ற பெண்ணல்லவா. கோபப்படுவது உன் நியாயம். ஆனால் நான் அவளை அடித்தேனா, பட்டினி போட்டேனா? இந்த வீட்டில் இரண்டு பேரும் மாட்டிக்கொண்டிருந்தோம். எனக்கு இல்லாத வாசலை அவள் மட்டும் திறந்துகொண்டு போவது எப்படிச் சரியாகும்?

இன்னொன்றும் கேட்டாய். உன்னைப் பார்த்ததும் அம்மா ஏன் விருந்தாளியைப் பார்ப்பது போலப் பார்த்தாள், நீ உன் பெயரைச் சொன்னதும் ஏன் பாட ஆரம்பித்தாள் என்று.

உனக்கு அவள் வைத்தது ஒரு பாட்டின் பெயர். மேடையில் கடைசியாக அதைத்தான் பாடுவாளாம். மற்றச் சொற்களெல்லாம் போன பிறகும் அது ஒன்று போகவில்லை. காலையில் கண் விழித்ததும் வாசல் பக்கம் கையை நீட்டி உன் பெயரைத்தான் சொல்வாள். அதற்கு மட்டும் நான் பொய் அட்டை எழுதத் தேவைப்படவில்லை. சரியான பெயர், சரியான பெட்டி. ஒவ்வொரு நாளும் அதை எடுத்து அவள் கண்முன் காட்டி, "அது பாட்டுக்கா. அந்தப் பேர்ல ஆளு யாரும் இல்ல" என்று சொல்லிக்கொடுத்தேன். அவள் அதை நம்ப ஐந்து மாசம் ஆனது. நான் ஒருநாள்கூடப் பொறுமை இழக்கவில்லை.