பெயர் பொறிக்காத ஆர்மோனியம்

இரவு பத்தே முக்கால். கொழும்புச் செட்டியார் தெரு... ஈ, காக்கை இல்லை. நகைக் கடைகள் எல்லாம் பூட்டு. கரண்டும் இல்லாமல் பெட்ரோலும் இல்லாமல் நாம் செத்துப் பிழைத்த அந்த இரண்டாயிரத்து இருபத்திரண்டு மார்ச் மாதக் கடைசி. அந்த இருட்டில், தோளில் ஆர்மோனியம் ஒன்றைச் சுமந்துகொண்டு ஒருவன் கொட்டாஞ்சேனையில் இருக்கிற தன் வீட்டுக்கு நடந்து போகிறான்.

அவன் பெயர் றெஜி. என் மனைவியின் ஒன்றுவிட்ட அண்ணன். துறைமுகத்தில் கிளார்க். பொய் சொல்லத் தெரியாத ஆள்... ரெனால்ட், சிரிக்காதே. முதலில் கதை முடியட்டும், பிறகு சிரி.

றெஜியின் மனைவி கொன்ஸ்ரன்ஸ், பெரிய வெள்ளிக்குக் கோயிலில் பசாம், அதுதான் யேசுவின் பாடுகளைச் சொல்லும் ஒப்பாரி, பாடுகிறவள். அந்தக் குரலைக் கேட்கவென்றே முகத்துவாரத்திலிருந்து ஆட்கள் வருவார்கள். அந்த வருடம் அவளுக்குத் தானே வாசிக்கவேண்டும் என்று இவனுக்கு ஓர் ஆசை. ஜாபிர் நானாவின் பழைய சாமான் கடையில் ஆர்மோனியத்தை வாங்கினான். தேக்கு மரம். நல்ல நாதம். பெயர்த் தகடு மட்டும் இல்லை. கழற்றிய அடையாளமும் இல்லை. செய்தவன் பெயர் போடவே இல்லை.

வீட்டுக்குக் கொண்டுவந்து வாசித்தால், ஐந்தரைக் கட்டை பேசவில்லை. அழுத்தினால் ‘உஸ்...’ என்று வெறும் காற்று. மூடியைத் திறந்து பார்த்தான். நாதம் தருகிற பித்தளை றீட் இருக்கவேண்டிய பள்ளம் காலி. கொன்ஸ்ரன்ஸின் பாட்டு ஏறி நிற்பதே அந்த ஐந்தரையில்தான்.

யானையை வாங்கிவிட்டு அங்குசத்துக்கு அலைந்த கதை. போட்டுப் பார்த்த றீட் எல்லாம் ஒன்று நீளம், இல்லாவிட்டால் அகலம். செய்தவன் யாரென்று தெரிந்தால்தான் அளவு தெரியுமாம். களனியில் ஒருவர், “இது கல்கத்தா வேலை” என்றார். கொள்ளுப்பிட்டியில் ஒருவர், “ஆர் சொன்னது? பம்பாய்” என்றார். பம்பலப்பிட்டியில், “பேரைச் சொல்லுங்கோ, எடுத்துத் தாறன்.” அந்தப் பேருக்குத்தானே அய்யா இவ்வளவு நாயலைச்சல்! ஜாபிர் நானாவும் கையை விரித்தார். “எனக்கு எப்புடித் தம்பி தெரியும்? ஒரு வீட்டுச் சாமானோட சேந்து வந்தது.”

கடைசியாக வெள்ளவத்தையில் சவுந்தரநாயகம் மாஸ்டர். நாற்பது வருடமாக ஆர்மோனியம் திருத்துகிறவர். டோர்ச் அடித்துப் பார்த்தார். தட்டிப் பார்த்தார். முகர்ந்துகூடப் பார்த்தார். மூன்று மணித்தியாலம். பிறகு மூடியைப் போட்டுவிட்டுப் போய்க் கையைக் கழுவினார்.

“தம்பி, இதை நான் தொடமாட்டன். செய்தவன்தான் வந்து போடவேணும்.”

ஏன் என்று கேட்டால், அடுத்த ஆளின் பெட்டியை எடுத்து வைத்துக்கொண்டார். அந்த எரிச்சலோடுதான் பஸ் பிடித்துப் புறக்கோட்டையில் இறங்கி, அங்கிருந்து றெஜி நடந்தான். செட்டியார் தெருவில் ஒரு கடைப் படியில் பெட்டியைத் தொப்பென்று வைத்தான். யாரும் இல்லாத தெருவைப் பார்த்துக் கத்தினான்.

“செய்தவன், செய்தவன் எண்டு சாகடிக்கிறாங்கள்! அப்ப செய்தவனே வந்து போடட்டும்!”

பெட்டிக்குள்... ‘உஸ்...’

துருத்தியின் கொக்கி மாட்டியபடியேதான் இருந்தது, காற்று வர வழியே இல்லை. எங்கிருந்தோ அரக்கு உருக்குகிற வாசம். றெஜி பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஜம்பட்டா வீதி வரும்வரை ஓடினானாம்.

மறுநாள் பின்னேரம், கரண்ட் போன கையோடு றெஜி வீட்டுக் கதவில் மூன்று தட்டு. மெலிந்த ஒரு மனுஷன். கையில் ஒரு சாமானும் இல்லை. விரல்களில் அதே அரக்கு வாசம்.

“பெட்டி ஒண்டு பாக்கவேணுமாம்.”

யார் அனுப்பியது என்று றெஜி கேட்கவில்லை. பெரிய வெள்ளிக்கு இரண்டு கிழமைதான் இருந்தது. பிசாசே வந்தாலும் உட்காரக் கதிரை போட்டிருப்பான்.

மனுஷன் மெழுகுதிரியைத் தள்ளி வைத்தார். “சுருதி பாக்க ஒரு குரல் வேணும். வீட்டில ஆர் பாடுறது?”

கொன்ஸ்ரன்ஸ் வந்து நின்று, “ஆ...” என்று ஐந்தரையைப் பிடித்தாள். அவர் அவள் வாய்க்கு நேரே கையை நீட்டினார். விரல்களை மெதுவாக மூடினார். மூடிய கையைப் பெட்டிக்குள் விட்டு, வெறுங்கையாக எடுத்தார். கட்டையை அழுத்தினார்.

தேன்! றெஜிக்குக் கண் கலங்கிவிட்டது. சல்லி நீட்டினான். வாங்கவில்லை. அவர் படியிறங்கும்போதுதான் இவனுக்கு நினைவு வந்தது. “ஐயா, இது ஆர் செய்த பெட்டி? ஏன் பேர் போடேல்லை?”

மனுஷன் திரும்பிப் பார்த்துச் சிரித்தார். “பேர் போட்டா, திருப்பிக் கேட்டு வருவினமே.”

அன்றிரவு ஒத்திகை. கொன்ஸ்ரன்ஸ் பாடிக்கொண்டே வந்தாள். ஐந்தரையில் ஏறினாள்... ‘உஸ்...’ அவள் தொண்டையிலிருந்து வெறும் காற்று. மறுபடி பாடினாள். அதே இடத்தில் அதே காற்று. றெஜி பெட்டியின் மூடியைத் திறந்தான். பள்ளம் அப்படியே காலி. ஆனால் கட்டையை அழுத்தினால் நாதம் வருகிறது. அவளுடைய நாதம்.

தொண்டை டொக்டர் ஒன்றுமில்லை என்றுவிட்டார். பெரிய வெள்ளிக்கு வேறொருத்தி பாடினாள். கொன்ஸ்ரன்ஸ் கோயிலின் கடைசி வாங்கில் உட்கார்ந்து அழுதாள். றெஜி மறுபடியும் கடை கடையாக ஏறி இறங்கினான். செய்தவன் யார்? அதே கல்கத்தா, அதே பம்பாய். “கொளுத்திவிடு” என்றேன் நான்.

“கொளுத்தினா அவட குரலும் போயிடுமே மச்சான்” என்றான்.

இன்னொன்றும் உண்டு. அந்தக் கட்டையை அழுத்திப் பிடித்திருக்கும்வரை கொன்ஸ்ரன்ஸால் மூச்செடுக்க முடியாது. ஒருநாள் பக்கத்து அறையில் அவள் விழுந்தபோதுதான் றெஜிக்கு அது விளங்கியது. அன்றைக்கே பெட்டியை அலுமாரியில் வைத்துப் பூட்டி, திறப்பைக் கழுத்துச் செபமாலையில் கோர்த்துக்கொண்டான்.

இப்போது கரண்ட் ஒழுங்காக இருக்கிறது. ஆனாலும் சில இரவுகளில், பூட்டிய அலுமாரிக்குள் யாரோ ஐந்தரைக் கட்டையை அழுத்திப் பார்க்கிறார்களாம். மெதுவாக...

ஒவ்வொரு முறையும் கொஞ்சம் கூடுதல் நேரம்.