பச்சை வந்தால் சாப்பிடலாம்

பொட்டலத்தின் பின்பக்கத்தை யாரும் படிப்பதில்லை. முன்பக்கத்துப் படத்தைப் பார்த்துக் கூடையில் போட்டுவிடுகிறார்கள். நான் அப்படியில்லை. மருந்துக்கடையில் பதினெட்டு வருடமாகக் காலாவதித் தேதி பார்த்து அடுக்குகிறேன். பொடி எழுத்தெல்லாம் எனக்குக் கண்ணாடி இல்லாமலே தெரியும். நடந்ததை என் கையாலேயே எழுதித் தரச் சொன்னீர்கள். நல்லதுதான். நான் சொல்லி வேறொருவர் எழுதினால் ஏதாவது விட்டுப்போகும்.

தம்பிக்கு வேர்க்கடலை ஆகாது. ஆகாது என்றால் தும்மல், அரிப்பு என்று நினைத்துவிடாதீர்கள். நாலு வயதில் பக்கத்து வீட்டுப் பிறந்தநாளில் ஒரு சாக்லேட்டைக் கடித்தவன், பத்தே நிமிடத்தில் உதடு நீலம் பாரித்து என் மடியில் கிடந்தான். எனக்கு அப்போது பதினாறு. மறுவருடம் அம்மாவும் போய்விட்டாள். அதிலிருந்து அவன் வாய்க்குப் போகிற எதுவும் என் கண்ணைத் தாண்டிப் போனதில்லை. நான் படித்துப் பார்த்து "ம்" என்று சொன்ன பிறகுதான் ஒரு பிஸ்கட் பாக்கெட்டைக்கூடப் பிரிப்பான். அவனுக்கு மீசை முளைத்த பிறகும் அப்படித்தான். எனக்கும் கல்யாண வயது என்று ஒன்று வந்துபோனது. அதை இங்கே எழுதத் தேவையில்லை.

முப்பது வயதில் அவனுக்குக் கல்யாணம் ஆயிற்று. ஒரே கட்டடத்தில் மூன்றாவது மாடியில் அவர்கள், தரைத்தளத்தில் நான். அவன் மனைவி கெட்டவள் என்று நான் எங்கும் சொன்னதில்லை. அவள்தான் அவன் போனில் அந்த ஆப்பைப் போட்டுக் கொடுத்தாள். பார்கோடைக் கேமராவில் காட்டினால் சர்க்கரை எவ்வளவு, உப்பு எவ்வளவு என்று சொல்லும். நமக்கு எது ஆகாது என்று பதிந்து வைத்திருந்தால், அது கலந்த பொருளுக்குச் சிவப்பு, கலக்காததற்குப் பச்சை. ஒரு ஞாயிற்றுக்கிழமை சாப்பிட உட்கார்ந்தபோது வழக்கம்போல சாஸ் பாட்டிலைத் திருப்பினேன். அவள் என் கையிலிருந்து அதை வாங்கிக்கொண்டாள்.

"பச்சை வந்தா சாப்பிடலாம், சிவப்பு வந்தா வெச்சிடலாம். இதுக்குன்னு தனியா ஒரு ஆள் எதுக்குக்கா?"

தம்பி சிரித்தான். அவள் சொன்னது எனக்குப் பெரிதாகப் படவில்லை. நேற்று வந்தவளுக்கு என்ன தெரியும். ஆனால் இவன் சிரித்தான். ஏறிவந்த ஏணியை எட்டி உதைப்பதைச் சிரித்துக்கொண்டே செய்யலாம் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்பார்கள், அதனால் நான் ஆத்திரப்படவில்லை. சாப்பிட்டு, தட்டைக் கழுவி வைத்துவிட்டுக் கீழே வந்தேன்.

அந்த வாரமே என் போனிலும் அந்த ஆப்பைப் போட்டுக்கொண்டேன். அதில் வருவதெல்லாம் கம்பெனிக்காரர்கள் எழுதுவது என்றுதான் தம்பி நம்பியிருந்தான். உண்மையில் என்னையும் உங்களையும் போன்றவர்கள் பொட்டலத்தைப் படம் எடுத்து அதில் ஏற்றுகிறோம். எத்தனை தப்பு தெரியுமா. வேர்க்கடலை எண்ணெய் கலந்த ரொட்டிக்குக்கூடப் பச்சை காட்டியது. ஒவ்வொன்றாகத் திருத்தினேன். ஒரே வருடத்தில் நானூறைத் தாண்டிவிட்டது. என் பெயருக்குப் பக்கத்தில் ஒரு நட்சத்திரம் வந்தது. எங்கள் பக்கத்துக் கடைகளில் கிடைக்கும் பொருள்களுக்கு மற்றவர்கள் அனுப்பும் திருத்தம் என் பார்வைக்கு வந்து, நான் சரி என்றால்தான் ஏறும். தம்பி பார்த்த பச்சையில் பாதி நான் போட்ட பச்சை. அது அவனுக்குத் தெரியாது. செய்ததைச் சொல்லிக்காட்டும் பழக்கம் எனக்கு இல்லை.

அவன் கீழே வருவது குறைந்தது. பிறகு நின்றே போனது. அவனுக்கு மூச்சடைத்தால் தொடையில் குத்திக்கொள்ள ஓர் ஊசி உண்டு. அது காலாவதியானால் பழையதை வாங்கிப் போய்ப் புதியதைக் கொடுப்பது என் வழக்கம். இந்த முறையும் பழையதை வாங்கி வந்தேன். புதியது என் அலமாரியில் இருக்கிறது, வந்து வாங்கிக்கொள் என்றேன். இரண்டு மாதம் ஆகியும் வரவில்லை. பச்சை காட்ட ஓர் ஆப் இருக்கும்போது ஊசி எதற்கு, அக்காதான் எதற்கு.

அவன் வாராவாரம் வாங்கும் ஓட்ஸ் பிஸ்கட் ஒன்று. போன மாதம் கடையில் அதன் பின்பக்கத்தைப் படித்தேன். பொருள்களின் பட்டியலில் ஐந்தாவதாக வேர்க்கடலை மாவு. கம்பெனி புதிதாகச் சேர்த்திருந்தது. ஆப்பில் பழைய பட்டியலே இருந்தது. நான் ஒன்றும் செய்யவில்லை. ஒன்றும் செய்யாமல் இருப்பது எந்தச் சட்டத்தில் குற்றம் என்று எனக்குத் தெரியவில்லை. ஆனால் மூன்றாம் நாள் யாரோ ஒரு புண்ணியவான் புது லேபிளைப் படம் எடுத்துத் திருத்தம் அனுப்பினார். படம் தெளிவாகத்தான் இருந்தது. 'நிராகரி' என்பதை அழுத்தினேன். காரணம் கேட்டது. 'படம் தெளிவில்லை' என்று எழுதினேன்.

சனிக்கிழமை காலை அவன் கடைப் பையோடு என் வாசலைத் தாண்டினான். பைக்குள் அந்தப் பாக்கெட் தெரிந்தது. புது பாக்கெட்டா, பார்த்தாயா என்று கேட்டேன். அது என் கடமை.

"ஸ்கேன் பண்ணிட்டேன்கா. பச்சைதான்," என்று சொல்லிக்கொண்டே ஏறினான். நிற்கவில்லை. நின்று என் கையில் கொடுத்திருந்தால் நான் சொல்லியிருப்பேன், சத்தியமாகச் சொல்கிறேன்.

அவள் வேலைக்குப் போயிருந்தாள். அரைமணி நேரம் கழித்து என் போன் அடித்தது. அவன் பெயர். எட்டு மாதத்தில் அவனாக என்னைக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. ஊசி எனக்கு எதிரே அலமாரியில் இருந்தது. போன் அடித்து முடியும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன். வேண்டும் என்றால் இறங்கி வரட்டும் என்று தோன்றியது. மாடிப்படியில் செருப்பில்லாத கால் சத்தம் கேட்டது, பிறகு ஏதோ விழுந்த சத்தம். மீதிப் படியும் இறங்கி வரட்டும் என்று கதவைத் திறந்து வைத்து உட்கார்ந்திருந்தேன்.

முதல் மாடித் திருப்பத்தில் அவனைப் பார்த்தது அங்கே குடியிருக்கும் டியூஷன் டீச்சர். அவர் போட்ட சத்தத்தில்தான் ஊசியை எடுத்துக்கொண்டு ஓடினேன். அதற்குப் பயன் இருக்கவில்லை.

திருத்தத்தை நிராகரித்ததும் போனை எடுக்காததும் நான்தான். இதில் வேறு யாருக்கும் பங்கில்லை. இந்த வாக்குமூலத்தில் ஒன்று மட்டும் விட்டுப்போகாமல் சேர்த்துக்கொள்ளுங்கள், அவன் மனைவி அதைப் படிக்க வேண்டும். அவன் ஆம்புலன்ஸைக் கூப்பிடவில்லை, அவளையும் கூப்பிடவில்லை. மூன்றாம் மாடியிலிருந்து முப்பத்தொரு படி, மூச்சில்லாமல், என்னைத் தேடித்தான் இறங்கி வந்தான்.