கட்டைச் செருப்பும் கரெண்டு வண்டியும்

"மழ நாள்ல கட்டைச் செருப்பு இல்லாம கரெண்டு வண்டியில ஏறுனா ஆளு கருகிப் போயிரும்."

சூலியா தெருவில் பஸ்ஸுக்குக் காத்திருந்தபோது எனக்கு முன்னால் நின்ற பெரியவர்தான் இப்படிச் சொன்னார். தூறல் விழுந்துகொண்டிருந்தது. என் கூடையில் அன்று அருமையான கானாங்கெளுத்தி மீன். அது கெட்டாலும் பரவாயில்லை, என் பஸ் வந்தாலும் இந்தப் பேச்சை விட்டுப் போக எனக்கு மனசு வரவில்லை. அவர் காலில் மரக்கட்டைச் செருப்பு. பக்கத்தில் வெறுங்காலோடு அவர் மனைவி.

"அப்ப நீங்க மட்டும் ஏறப் போறீங்களா?" என்று கேட்டார் அந்த அம்மா.

"பெட்ரோல் வண்டியில போவோம் லா. சத்தம் போட்டாலும் அது நமக்குப் பழகின வண்டி."

"போன தடவ அந்த வாடையில மூணு எடத்துல வாந்தி எடுத்தேன். ஆயர் ஈத்தாம்ல நம்ம புள்ள பிரசவ வலியில கெடக்குறா. நான் தெம்பா போய் இறங்கணும். கரெண்டு வண்டியிலதான் போவேன்."

"மேல கரெண்டு கம்பி போவுதுடி!"

"மேலதானே போவுது?"

கூரையில் நீட்டிய கொம்புகளால் மேலே ஓடிய கம்பியைப் பிடித்தபடி கரெண்டு பஸ் சத்தமில்லாமல் வந்து நின்றது. அந்த அம்மா படியில் கால் வைக்கப் போனார்.

"இரு, இரு!"

பெரியவர் தன் செருப்பைக் கழற்றி மனைவியின் காலடியில் வைத்தார். அந்த அம்மா அதைப் போட்டுக்கொண்டு டக்டக்கென்று ஏறிவிட்டார்.

பெரியவர் ஈரப் படியையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு கண்ணை இறுக மூடி, இரண்டு வெறுங்காலையும் சேர்த்து உள்ளே குதித்தார்.

"இருக்கேனாடி?"

"இருக்கீங்க. டிக்கெட் எடுங்க."